கோமேதகத்தைக் கழற்றிப் பார்

தம்பி,

நேற்றுத் தொலைபேசியில் என் முழங்கால் வலியை விசாரித்தாய். திருகோணமலையில் மழை பெய்ததா என்று கேட்டாய். சாளை மீன் என்ன விலை என்றுகூடக் கேட்டாய். பிறந்ததிலிருந்து சாளை மீனை வாயில் வைக்காத பிள்ளை அதன் விலையைக் கேட்டபோதே, இவன் வேறெதற்கோ அடி போடுகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடைசியில்தான் வாய் திறந்தாய். "அம்மா, பிழையா நினையாதேங்கோ. நீங்க தந்த கல்லை ஒருக்கா லாப்பில குடுத்துச் சோதிச்சு சேர்ட்டிபிகேட் எடுக்கட்டோ? சோதிக்கிற காசு கல்லின்ர விலையைவிடக் கூட வருமாம். எனக்கெண்டா என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." நான் "எழுதி அனுப்புறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நீ படுக்கையில் புரண்டிருப்பாய். கோபமில்லை, ராசா. சிரிப்பை அடக்க முடியாமல்தான் வைத்தேன்.

நீ கேட்டது புதிய கேள்வியல்ல. அதே கேள்வி, அதே கல். இன்று நீ கட்டப்போகிற தர்ஷினிக்கு மோதிரம் செய்விக்க நீ ரொறன்ரோக் கடையில் கொடுத்திருக்கும் அந்தக் கோமேதகத்தை, நான் கல்யாணப் பெண்ணாக இருந்தபோது கொழும்புக்கு அனுப்பிச் சோதிப்பதா வேண்டாமா என்று எங்கள் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. என் கல்யாணமே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அப்பா இந்தக் கதையை உனக்குச் சொல்லியிருப்பார், தான் வீரனாக வருகிற பகுதியை மட்டும். இப்போதும் பக்கத்துக் கதிரையில் இருந்து நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். முழுக்கதையையும் நான் சொல்லுகிறேன், கேள்.

அது சண்டைக்காலம். எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில். கடற்படைப் படகுகள் புறப்படுகிற சத்தத்தை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று ஐயா சொல்லிவிடுவார். ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனை, உன் அப்பாவோடு குழப்பிக்கொள்ளாதே. துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளுக்குக் கணக்கெடுப்பது அவர் வேலை. கப்பல்காரர் ஒன்று சொல்ல, லொறிக்காரர் இன்னொன்று சொல்ல, கடைசியில் ஐயா சொல்வதுதான் கணக்கு. அதனால் தன் வாய்ச்சொல்லில் அவருக்குக் கொஞ்சம் கூடுதலான பெருமை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று அம்மா சொன்னால்கூட, ஐயா ருசி பார்த்து "ஓம்" என்ற பிறகுதான் எங்கள் வீட்டில் அது கூடியதாகும்.

உன் அப்பா வீட்டார் பெண் கேட்டு வந்தது அந்த நாட்களில்தான். தெருவில் சுற்றிவளைப்பு நடந்தாலும் ஊரில் கல்யாணங்கள் நிற்கவில்லை, முன்னையைவிடக் கெதியாகவே நடந்தன. எனக்கு உன் அப்பாவைப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பெண் பார்க்க வந்தவர், என்ன படித்தீர், பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. "ஆமிச் சென்றியில கனநேரம் மறிச்சு வைச்சிட்டாங்கள். கொஞ்சம் தண்ணி தருவீரோ?" என்பதுதான் அவர் என்னோடு கதைத்த முதல் கதை. ஒரு செம்பைக் குடித்து முடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். கூச்சப்படாமல் தாகத்தைச் சொல்லுகிற மனிதரோடு குடும்பம் நடத்தலாம் என்று நான் அங்கேயே முடிவுகட்டிவிட்டேன்.

சாதகம் பார்த்த சாத்திரியார்தான் ஒரு முடிச்சுப் போட்டார். ராகு ஏழாம் இடத்தில் இருக்கிறாராம், தாலி ஏறுமுன் பெண்ணின் விரலில் கோமேதகம் ஏறவேண்டுமாம். ராகுவுக்கு என்மேல் என்ன கோபமோ எனக்குத் தெரியாது. ஆனால் உன் அப்பாவின் மங்களம் மாமி அதைப் பிடித்துக்கொண்டார். தாயில்லாத உன் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். கணவர் இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் அடகுக்கடை நடந்தது. கடை போய்விட்டாலும் மாமியின் கண் அந்தக் கடையிலேயே இருந்தது. யாரைப் பார்த்தாலும் முதலில் காதைப் பார்ப்பார், பிறகு கழுத்து, பிறகு விரல், கடைசியில்தான் முகம். என்னையும் அந்த ஒழுங்கில் பார்த்து முடித்துவிட்டு, "பிள்ளை வடிவுதான். கோமேதகத்தைப் போடட்டும், கல்யாண நாளை வைப்பம்" என்றார்.

கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்து எங்கள் சந்தைப் பக்கம் கல் விற்கிற இப்றாகீம் நானாவிடம் ஐயா கோமேதகம் வாங்கினார். நானா ஒளிவுமறைவில்லாமல் கதைத்தாராம். "ஐயா, இது மலிவுக் கல்லு. உள்ளுக்கு மணல் மணலாப் பிசிறு கிடக்கு, அதாலதான் இந்த விலை. ஆனா கோமேதகம், அதில சந்தேகம் வேணாம்." தன் பொருளின் குறையைத் தானே சொல்லி விற்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது ஐயாவின் கட்சி. அந்தக் கட்சியில் இன்றுவரை நானும் இருக்கிறேன்.

பிசகு நடந்தது அதற்குப் பிறகு. பவுண் எல்லாம் தாலிக்கொடிக்குப் போய்விட்டது. ஐயாவிடம் சிவப்புக் கல் விழுந்துபோன பழைய மோதிரம் ஒன்று இருந்தது. பின்பக்கத்தைத் தகட்டால் மூடி, உள்ளே அரக்கு நிரப்பி, அரக்கின்மேல் கல்லை இருத்துகிற பழைய வேலை அது. ராசிக்கல் மோதிரம் அப்படிச் செய்வதில்லை. அதற்குப் பின்பக்கம் திறந்திருக்கவேண்டும், கல் விரலின் தோலில் படவேண்டும். ஐயாவுக்கு அது தெரியாது. தட்டாருக்கு அது ராசிக்கல் என்று யாரும் சொல்லவில்லை. கூடு சும்மாதானே இருக்கிறது என்று ஐயா கொடுக்க, தட்டார் சொன்னபடி இருத்திக் கொடுத்துவிட்டார். நல்ல தேன் நிறத்துக் கல், கறுத்த அரக்கின்மேல் இருந்து, பால் விடாமல் ஆறிப்போன பிளேன்ரீயின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஐயாவுக்கோ வலு சந்தோசம்.

மாமி வந்தார். என் கையைப் பிடித்து விரலைப் பார்த்தார். மோதிரத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினார். "என்னத்துக்கு இது பின்னால அடைச்சிருக்கு?" என்றார். ஐயா, "அது பழைய கூடு, அதுக்குள்ள…" என்று தொடங்கினார். மாமி விடவில்லை. "கல்லெண்டா ஏன் அடைக்கிறியள்? கண்ணாடியைத்தான் அடைக்கிறது. எங்கட கடைக்கு இப்பிடி எத்தினை வந்தது! இது போத்தல் ஓடு." வைத்த தேநீரைத் தொடாமல் எழும்பினார். "பொய்க்கல்லைப் போட்டுப் பிள்ளையை அனுப்புற வீட்டில எங்கட பெடியனுக்குப் பெண் எடுக்கேலாது" என்று வாசல் படலையடியில் நின்று, அயல் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். ஐயா அந்த மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் சொன்ன கணக்கை அதுவரை எவரும் இல்லை என்று சொன்னதில்லை.

நான்தான் சோதனைக் கதையை எடுத்தேன். கொழும்பில் கல்லைச் சோதித்துப் பேப்பர் கொடுக்கிற இடம் இருக்கிறது, அந்தப் பேப்பரை மாமியின் முன்னால் வைப்போம் என்றேன். ஐயா துள்ளினார். "உனக்கென்ன விசரே? கல்லு என்ன விலை, சோதினை என்ன விலை? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்." கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, "என்ர சொல்லுக்கு மேல ஒரு பேப்பரோ, பிள்ளை?" என்று கேட்டார். முதலாவது கணக்கு, இரண்டாவது நோவு. எனக்கு இரண்டாவதுதான் கேட்டது. "ஐயா, கல்லு மலிவுதான். ஆனா மாமி போத்தல் ஓடு எண்டது கல்லையில்லை, உங்களை. அது மலிவில்லை" என்றேன். அவர் கழுவின முகத்தைத் திரும்பக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான். அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் இப்போது போலப் பஸ்ஸில் நித்திரை கொண்டு போய் இறங்குவதல்ல. ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி நடக்கவேண்டும், பையைக் கொட்டிக் காட்டவேண்டும். கொழும்பில் தங்குவதென்றால் பொலிஸில் பதியவேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் ஆளை மறித்துவிடுவார்கள். போனவர் திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஒரு மலிவுக் கல்லுக்காக யாரை அந்தப் பாதையில் அனுப்புவது? நீ கேட்கிற செலவு காசுச் செலவு மட்டும், தம்பி. நாங்கள் யோசித்த செலவு ஆள் செலவு.

அடுத்த நாள் பின்னேரம், இந்தச் சோதனைக் கதை காதில் விழுந்து, உன் அப்பா மாமிக்குச் சொல்லாமல் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். "நான் வேலை செய்யிற கந்தோர் அலுவலாக் கொழும்புக்குப் போறனான்தானே. கல்லைத் தாரும், கொண்டுபோறன். விசாரிச்சனான், மோதிரத்தோட வாங்கமாட்டினமாம். கல்லைத் தனியாக் கழட்டித்தான் குடுக்கவேணுமாம்" என்றார். "போத்தல் ஓடெண்டு வந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டேன். "நான் கட்டப்போறது உம்மை. போத்தல் ஓட்டையில்லை" என்றார். இதை வாசித்துவிட்டு, தான் அப்படிச் சொல்லவேயில்லை என்கிறார் இப்போது. சொன்னார். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கப் படலையின் கட்டைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தேன்.

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மண்டைக்குள் நின்றுவிட்டது: கழற்றவேண்டும். கழற்றிய கல்லை இவர் தனியாகக் கொண்டுபோனால், வேறு கல்லை மாற்றிச் சோதித்தார்கள் என்று மாமி சொல்லமாட்டாரா? கட்டாயம் சொல்வார். நானாக இருந்தாலும் சொல்வேன். ஆகவே கல்யாணப் பெண் செய்யாத வேலையைச் செய்தேன். நேரே உப்புவெளிக்கு நடந்துபோய் மாமியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மாமி, நாளைக்குக் காலமை தட்டாற்ற கடையில கல்லைக் கழட்டப்போறம். நீங்களும் வாங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால கழட்டட்டும், நீங்களே பொட்டலம் கட்டித் தாங்கோ. கொழும்பில போத்தல் ஓடெண்டு எழுதித் தந்தா நானே உங்கட பெடியனை வேண்டாமெண்டு சொல்லுறன்." மாமி காது, கழுத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். "வாய் கூடத்தான் உனக்கு. வாறன்" என்றார்.

காலையில் நாங்கள் நாலு பேரும் தட்டாரின் கடையில் கூடினோம். மாமி ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம், நடுவில் நானும் உன் அப்பாவும். கரண்ட் இல்லை. தெருவில் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து வாழையிலைக் குப்பையைத் தின்றுகொண்டு நின்றன. தட்டார் மோதிரத்தைச் சின்னச் சுடரில் பிடிக்க, அரக்கு இளகி மணம் எழும்பியது. கல் வழுக்கி வெளியே வந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்துத் துடைத்து மாமியிடம் நீட்டினார். மாமி சேலைத் தலைப்பிலிருந்து கணவரின் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். கடல் பக்கமிருந்து காலை வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கல்லை இரண்டு விரலால் பிடித்து அந்த வெயிலுக்குத் தூக்கினார்.

எங்களுக்கும் தெரிந்தது, தம்பி! கண்ணாடி வைக்காமலே தெரிந்தது. கறுப்பாகக் கிடந்த கல் செம்மஞ்சளாகப் பற்றி எரிந்தது. ஐயா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மாமி கல்லைத் திருப்பினார், சரித்தார், கன்னத்தில் வைத்துக் குளிர் பார்த்தார், திரும்பவும் வெயிலுக்குத் தூக்கினார். "கண்ணாடியெண்டா உள்ளுக்கு உருண்டை உருண்டையாக் காத்துக் குமிழி இருக்கும்" என்று தனக்குத்தானே சொன்னார். "இதில இல்லை. மணல் மாதிரிப் பிசிறு கிடக்கு. உள்ளுக்குப் பாணி ஓடுது." வெந்நீரில் சீனிப்பாணியை விட்டால் கரையுமுன் நெளிகிற நெளிவைத்தான் சொன்னார். அது கோமேதகத்தின் அடையாளம் என்று அடகுக்கடையில் இருந்தவருக்குத் தெரியாதா? கண்ணாடியை எடுத்துத் தலைப்பில் முடிந்தார். "ஓம். கல்லுத்தான். நான் சொன்னது பிழை" என்றார். சொல்லி முடித்த கையோடு ஐயாவின் பக்கம் திரும்பினார். "ஏன் காணும், கோமேதகத்தை ஆராவது அரக்குக்குள்ள புதைப்பினமே? ராகு எப்பிடி மூச்சு விடுறது?"

முதலில் சிரித்தது ஐயாதான். அவர் சிரித்துச் சிரித்துத் தட்டாரின் மர வாங்கில் இருந்துவிட்டார். பிறகு மாமி சிரித்தார். சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்டை நடக்கிற ஊரில், காலை வெளிச்சத்தில், ஒரு மலிவுக் கல்லை வைத்துக்கொண்டு நாலு பேர் கண்ணீர் வரச் சிரித்தோம். நான் வென்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. என் ஐயாவின் சொல் நின்றது, இப்றாகீம் நானாவின் சொல் நின்றது, என் கல்யாணமும் நிச்சயமானது. கொழும்புப் பயணம் தேவையில்லாமல் போய்விட்டது. "இப்பவும் கொண்டுபோகட்டோ?" என்று உன் அப்பா கேட்டார். மாமி அவரை முறைத்தார். "ஆருக்குக் காட்ட? சந்தேகப்பட்டது நான். நான் பாத்திட்டன். நீ பேசாமல் வீட்டை வா." பின்பக்கம் திறந்த புது மோதிரத்துக்கு வேண்டிய பவுணுக்கு மாமி தன் காப்பொன்றைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று ஐயா சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

கல்யாணத்தன்று ஐயா செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சிவக்கிறது. ஆசீர்வதிக்க வந்த ஒவ்வொருவருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கி, "பாருங்கோ, உள்ளுக்குப் பாணி ஓடுது" என்று காட்டினார். அறுகரிசி போடவந்தவர்கள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைக் குனிந்து பார்த்தார்கள். நான் "ஐயா, காணும், விடுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் கேட்டால்தானே!

அதற்குப் பிறகு வந்த காலம் உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருந்த இடங்களில் நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. காப்புப் போனது, கொடி போனது, கடைசியில் மோதிரமும் உன் பால்மாவுக்காகப் போனது. பவுண் வாங்குகிறவர் கல்லை நெம்பி எடுத்துவிட்டுத்தான் நிறுப்பார். அந்த மனுசன் கோமேதகத்தைக் கடுதாசித் துண்டில் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார். "இதுக்கு விலை போடேலாது தங்கச்சி, நீங்களே வைச்சிருங்கோ" என்றார். விலை உயர்ந்த கல்லாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். மலிவுக் கல் என்றபடியால்தான் என் கல்யாணத்துச் சாமான்களில் அது ஒன்று மட்டும் என்னோடு ஊர் திரும்பியது. வெள்ளி மோதிரத்தில் இருத்தி, நீ போனமுறை வந்தபோது உன் கையில் தந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இது நீலமாகவோ மாணிக்கமாகவோ இருந்தால், காசைப் பாராமல் சோதி என்பேன். இந்தக் காலத்தில் நிறம் ஏற்ற அவற்றைச் சூடுகாட்டுகிறார்கள், மெசினில் செய்தும் விற்கிறார்கள், கண்ணால் பார்த்துப் பிடிக்க ஏலாது. முன்பின் தெரியாதவருக்கு விற்கப்போகிறாய் என்றாலும் பேப்பர் வேண்டும், அது வாங்குகிறவரின் உரிமை. நீ இதை விற்கப்போவதில்லை. அப்படியானால் யார் கேட்டது? தர்ஷினி கேட்கவில்லை என்று நீயே சொன்னாய். அவளுடைய தாயும் கேட்கவில்லை. கேட்டது கடைக்காரன், அது அவன் வியாபாரம். மற்றது நீ. அம்மாவின் கல் பொய்யென்று நீ நினைக்கவில்லை, இவ்வளவு மலிவானதையா கொடுக்கிறான் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்றுதான் உனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு எந்த லாப்பிலும் சோதனை இல்லை, ராசா.

ஆகவே முதலில் கல்லைக் கழற்று. கடைக்காரனுக்காக அல்ல, அவள் முன்னால். அவளுடைய கையில் கொடுத்து யன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கச் சொல். மலிவு என்று வாயைத் திறந்து சொல், இப்றாகீம் நானா என் ஐயாவுக்குச் சொன்னதுபோல. பார்த்த பிறகும் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இருந்தால் மறுபேச்சில்லாமல் சோதனைக்குக் கொடு. கல்லின் விலையைவிடக் கூட என்று கணக்குப் பார்க்காதே, அந்தக் காசை நான் தருகிறேன். சந்தேகம் இல்லையென்றால் காசை மிச்சம் பிடித்து மோதிரத்தை வடிவாகச் செய்வி. பின்பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்ல மறந்துவிடாதே. உன் அப்பாவும் எட்டிப் பார்த்து அதைத்தான் சொல்கிறார்.

உன் கல்யாணத்துக்கு வர எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது. இதைச் சொல்லத்தான் நேற்று வாயெடுத்தேன், நீ சாளை மீனில் தொடங்கிவிட்டாய். ஐயா இல்லை, மாமியும் இல்லை. மணவறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் தர்ஷினியின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கி, "பாருங்கோ, உள்ளுக்குப் பாணி ஓடுது" என்று காட்டப்போவது நான்தான். நீ வெட்கப்பட்டு எங்கே ஒளிகிறாயோ, ஒளி. நான் நிறுத்தப்போவதில்லை.

உன் அம்மா